பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிப் போனவர்

மண்டபத்தில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையின் பெயரை எப்போது கூப்பிடுவார்களோ என்று மேடையையே பார்த்துக்கொண்டு இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை. நடுவில் எழுந்து போய்ப் படம் எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படியுங்கள். நானும் ஒரு பெயர் கூப்பிடும் சமாசாரத்தைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

ஆசிரியர் வேலையில் காலையில் முதல் காரியம் பெயர் கூப்பிடுவது. பயிற்சிக்காலத்தில் எனக்கு அதை ஒரு சடங்கு மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவர் இத்தனை, வராதவர் இத்தனை, கூட்டினால் கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்குப் பதிவேட்டில் ஒரு சின்னக் கட்டம்கூடக் கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கென்றே ஒருவர் ஓர் அரசாங்கத்தை நடத்தினார் என்று சொன்னால் நம்புவீர்களா? பெருந்தலைவர் காமராசரைத்தான் சொல்கிறேன். அவரைத் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் ஒரு வாத்தியாரின் கண்ணால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி. குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். அம்மா ராஜா என்று கூப்பிட, இரண்டும் ஒட்டிக்கொண்டு காமராஜா ஆகி, பிறகு காமராஜ் ஆயிற்று. அவர் படித்தது விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற காசும், வியாபாரிகள் தங்கள் வரவில் ஒதுக்கிய மகமையும்தான் பள்ளிக்கு முதல். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர். பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் சோற்றைக் கொண்டுவந்த மனிதர், அரிசியால் நடந்த பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்.

சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மா, பாட்டி, ஒரு தங்கை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். நம் தொழில்மொழியில் சொன்னால் நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கப்பட்டது. இப்படி நீக்கப்படும் பெயர்களில் எதற்குள் எந்த மனிதன் இருக்கிறான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு நடந்தது எல்லாரும் அறிந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி கேட்டு காங்கிரஸ் பக்கம் போனார். கடையில் இருப்பார் என்று பார்த்தால் கூட்டத்தில் இருப்பார். திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே போய் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்துகொண்டார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை, அலிப்பூர். பிறகும் பல தடவை. வாழ்நாளில் மொத்தம் ஒன்பது ஆண்டு அளவுக்குச் சிறையில் இருந்தார். சிறையில்தான் செய்தித்தாளையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு விட்ட படிப்பைத் தொடர்ந்தார், ஆங்கிலத்தையும் பழகினார். தீரர் சத்தியமூர்த்தியைக் குருவாகக் கொண்டார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாகாண முதலமைச்சர்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது மேசையில் இருந்த பெரிய வழக்கே பள்ளிக்கூட வழக்குத்தான். முந்தின ஆண்டு, 1953இல், ராஜாஜி அரசாங்கம் தொடக்கப்பள்ளி நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்திருந்தது. மீதி நேரம் பிள்ளை வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்கலாம் என்றது. இருக்கிற கட்டடத்தில், இருக்கிற வாத்தியாரை வைத்து, இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு என்னவோ கணக்குத்தான். ஆனால் சிரைப்பவர் பிள்ளைக்கும் செருப்புத் தைப்பவர் பிள்ளைக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தது. காமராசர் பதவிக்கு வந்து ஐந்து வாரத்தில், மே மாதம், அந்தத் திட்டம் எடுக்கப்பட்டது.

எடுத்துவிட்டால் போதுமா? பிள்ளை வர வேண்டாமா?

இந்த இடத்தில்தான், வாசகரே, எனக்கு அவர் வாத்தியாராகத் தெரிகிறார். ஊர் ஊராகக் காரில் போய்க்கொண்டே இருப்பவர் அவர். வழியில் ஆடு மாடு மேய்க்கும் பையனைப் பார்த்து, ஏன் பள்ளிக்கூடம் போகலை என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவாங்க என்று பையன் திருப்பிக் கேட்டானாம். எங்கள் தாத்தா இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், சொல்லும்போதெல்லாம் அந்தப் பையனின் குரலிலேயே சொல்வார். எத்தனை பையன்கள் எத்தனை ஊரில் இதே பதிலைச் சொல்லியிருப்பார்களோ! நான் கவனிப்பது ஒன்றுதான். முதலமைச்சர் பையனைத் திட்டவில்லை, காரணம் கேட்டார்.

பள்ளியில் சோறு போடுவது அவர் கண்டுபிடிப்பு அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். 1920லேயே, நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. 1925இல் ஆங்கில அரசு செலவுக்கு ஒப்பாததால் நின்றது. ஒரு நகரத்தில் சில பள்ளிகளில் நடந்ததை, ஒரு மாகாணம் முழுக்கச் செய்யலாம் என்று துணிந்தவர் காமராசர்.

அவருக்குத் துணை கிடைத்தவர் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. செலவுக்கு எங்கே போவது என்று நிதி பார்க்கும் அதிகாரிகள் கேட்டார்கள். கேட்பது அவர்கள் வேலை. வேண்டுமானால் ஊர் ஊராகக் கையேந்தவும் நான் தயார் என்று காமராசர் சொன்னதாகச் சொல்வார்கள். 1956இல், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர்மக்கள் கொடுத்ததே பெரும் பங்கு. பிறகு ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு வைத்து, 6 காசு அரசாங்கம், 4 காசு ஊர் என்று பிரித்தார்கள். 10 காசில் என்ன சாப்பாடு என்று இன்றைக்குக் கேட்கலாம். நம் உணவங்காடியில் ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் பத்தாண்டுக்குள் ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த 10 காசுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

சோறு ஒரு காரணம். இன்னொன்று தூரம். நடந்து போகிற தூரத்தில் பள்ளி இல்லை என்றால் யார் அனுப்புவார்கள், அதிலும் பெண்பிள்ளையை? ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்று குறி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் புதிய பள்ளிகள் திறந்தன, பலவற்றில் ஒரே வாத்தியார்தான் இருந்தாலும். பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர்தோறும் கூட்டம் போட்டு, கரும்பலகை, பெஞ்சு, மணி, கடிகாரம், நிலம் என்று யாரால் எது முடியுமோ அதைக் கொடுக்கச் சொன்னார்கள். அது பழைய பிடியரிசிதான், மாகாணம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. பள்ளி நடக்கும் நாளையும் ஆண்டுக்கு 180இலிருந்து 200 ஆக்கினார்கள்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் அதிகம் நினைப்பது. வெட்கம். கிழிந்த சட்டையோடு வந்து நல்ல சட்டைக்காரன் பக்கத்தில் உட்காருவதைவிட, வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பிள்ளைக்குத் தோன்றும். அதற்கு மருந்துதான் சீருடை. 1960ஆம் ஆண்டு வாக்கில் ஊர்மக்கள் உதவியோடு ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்தது. பசியைக் கண்டுபிடிப்பது சுலபம், பிள்ளையே சொல்லிவிடும். வெட்கத்தை எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில், என் வகுப்பில் ஒரு பையன். கெட்டிக்காரன். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், ஆளைக் காணோம். ஒரு காலைநேரம் எல்லார் முன்னாலும், என்ன தம்பி, பள்ளிக்கூடம் உனக்கு விருந்தாளி வீடா என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவன் வீட்டு மாடிக்கு ஏறிப் போனேன். அம்மாவுக்கு இரவுநேரத் துப்புரவு வேலை, காலை எட்டு மணிக்கு மேல்தான் வீடு வருவார். அதுவரை கைக்குழந்தைத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது இவன். அம்மா வந்ததும் ஓடினால் பள்ளி வாசலில் பிந்தி வந்தவர் பட்டியலில் பெயர் எழுதுவார்கள். பிந்தி வந்தவன் என்று நிற்பதைவிட வராதவனாகவே இருந்துவிடலாம் என்று அவனாக ஒரு முடிவு எடுத்திருக்கிறான். டீச்சர், அவனைத் திட்டாதீங்க, தப்பு என் மேலதான் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி, அம்மாவுக்கு வேலைநேரம் மாறும்வரை அவனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட ஏற்பாடு செய்தோம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் அவனைக் கேட்ட கேள்வியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலைக் கல்வி சட்டப்படி கட்டாயம். ஏழைப் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கும் சீருடைக்கும் உதவி இருக்கிறது. இந்தச் செம்பவாங்கில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தையும், 1938இல் கப்பல் பட்டறை திறந்த பிறகு கடற்படைத் தளத்தைச் சுற்றித் தமிழ், மலையாளத் தொழிலாளர் குடியிருந்த காலத்தையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். ஆனாலும் வராத பிள்ளை எந்த ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே ஆபத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். கோவிட் தொற்றுக்குப் பிறகு, 2021-22 கல்வியாண்டில், அங்கே நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அந்தக் கணக்கில் வந்தது. 200 நாள் பள்ளி என்றால் வெறும் 20 நாள். நம் வீட்டில் ஊருக்குப் போய்வரும் கல்யாணம், காதுகுத்துகளை ஒருதடவை கூட்டிப் பாருங்களேன்.

காமராசர் எல்லாவற்றையும் சாதித்துவிட்டார் என்று எழுதினால் அது புகழ்மாலை ஆகிவிடும். பதிவேட்டில் பெயர் ஏறுவது ஒன்று, பிள்ளை பெஞ்சில் உட்காருவது வேறு. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஐந்தாவதைப் பார்க்கவில்லை. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, சிவகாசி வட்டாரத்தில், 1980களிலும் விடியுமுன் பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளைத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஏற்றிக்கொண்டு போனது. அதில் பெண்பிள்ளைகளே அதிகம். மதிய உணவு இருந்தும் அந்தப் பிள்ளைகள் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் கூலி வீட்டுக்கு இரவுச் சோறு.

ஒன்பதாண்டு ஆண்டுவிட்டு, கட்சி வேலைக்குப் போகிறேன் என்று 1963 அக்டோபர் 2ஆம் நாள் பதவியை விட்டார். அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, நேருவுக்குப் பின் 1964இல் சாஸ்திரியையும், 1966இல் இந்திராவையும் பிரதமராக்கியதில் பெரும்பங்கு வகித்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அவர் திறந்த பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படித்த இளைஞர்கள்தான் அந்த ஆண்டு எதிரணிச் சுவரொட்டிகளை ஊர் ஊராக ஒட்டினார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. படித்த பிள்ளை வாத்தியார் சொன்னபடியே ஓட்டுப் போட வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

சோறு மட்டும் நிற்கவில்லை. ஆட்சி மாறினாலும் பள்ளிச் சமையல் தொடர்ந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டது. 2022இல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது.

காமராசர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா விருதுநகரில் அந்தப் பழைய வீட்டிலேயே இருந்தார். மகன் முதலமைச்சரான பிறகும் மாதாமாதம் அளவாகத்தான் பணம் வரும். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தி பிறந்தநாளன்று, சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் வாடகைக்கு இருந்த வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டு பாரத ரத்னா விருது வந்தது. அந்த வீட்டில் கதர் வேட்டி சட்டைகளும் கொஞ்சம் பணமும் நிறையப் புத்தகங்களும் இருந்தன. இப்போது அது நினைவில்லம். சென்னைக்குப் போனால் தியாகராய நகரில் துணி எடுக்கத்தான் எல்லாரும் போகிறோம், அங்கிருந்து அந்த வீடு நடக்கிற தூரம்தான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பள்ளி விடுமுறையில்.