காலத்தை முன்னறிந்த சித்தி லெப்பை

இலங்கையின் மலைநாட்டுத் தலைநகராம் கண்டியில் 1838 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11 ஆம் நாள் பிறந்தார் முகம்மது காசிம் சித்தி லெப்பை. கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாகி அப்போது இருபத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் வளர்ந்த காலத்தில் மலைச்சரிவுகளில் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. வழக்கு மன்றங்களிலும் அலுவலகங்களிலும் ஆங்கிலமே கோலோச்சியது. தலைமுறை தலைமுறையாக வாணிபத்தை நம்பி வாழ்ந்த முஸ்லிம் மக்கள் இம்மாற்றங்களைத் திகைப்போடு நோக்கி நின்றனர்.

ஆங்கிலக் கல்வி தந்த பள்ளிகளுட் பல கிறிஸ்தவ மறைபரப்பாளர்களின் பொறுப்பில் இருந்தன. பிள்ளைகளை அங்கே அனுப்பினால் ஈமான் பறிபோகுமோ எனப் பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதற்கு அச்சமுதாயம் கொடுத்த விலை பெரிது. குர்ஆனை ஓதக் கற்றதோடு பெரும்பாலான சிறுவர்களின் கல்வி முடிந்தது. சிறுமியர்க்கோ அதுவும் வீட்டு வாயிலைத் தாண்டவில்லை. மார்க்கத்தைக் காக்க வேண்டுமானால் உலகத்தை விட வேண்டும், உலகத்தைப் பற்ற வேண்டுமானால் மார்க்கத்தை விட வேண்டும் என்ற இக்கட்டு அன்றைய இல்லங்களை வாட்டியது.

சித்தி லெப்பை இந்த இக்கட்டை ஏற்கவில்லை. அவருடைய தந்தையார், இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத் துறையில் புகுந்தோருள் ஒருவர். அரபும் தமிழும் ஆங்கிலமும் பயின்ற மைந்தரும் அவ்வழியே வழக்கறிஞராகிப் பொருளும் புகழும் ஈட்டினார். தம் குடும்பத்தின் வாழ்வோடு நிறைவடைந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் யாருமில்லை. ஆயினும் தமக்குக் கிடைத்த கல்வி தம் மக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற கவலை அவரை உறங்க விடவில்லை. வருவாய் மிக்க தொழிலைப் பின்னுக்குத் தள்ளிக் கல்விப் பணியை முன்னே நிறுத்தினார்.

1882 ஆம் ஆண்டின் இறுதியில் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இஸ்லாமிய உலகின் செய்திகளையும் சமுதாயத்தின் குறைகளையும் கல்வியின் தேவையையும் அவ்விதழ் தமிழில் எடுத்துரைத்தது. 1883 ஜனவரியில் எகிப்தின் விடுதலைப் போராளி அராபி பாஷாவை ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடு கடத்தினர். தோல்வியுற்று வந்த அந்தப் படைத் தலைவரிடம் சித்தி லெப்பை ஓர் உற்ற துணையைக் கண்டார். கல்வியின்றிச் சமுதாயம் தலைநிமிராது என்பதில் இருவரும் ஒரே கருத்தினராய் இருந்தனர்.

1884 இல் கொழும்பின் புதிய சோனகத் தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மார்க்கக் கல்வியும் பொதுக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் போதிய ஆதரவின்றி அப்பள்ளி நலிந்து மறைந்தது. யாருக்காகப் பாடுபட்டாரோ அவர்களே பாராமுகமாக இருந்த நேரம் அது. மனம் தளர்ந்து தம் தொழிலுக்கே மீண்டிருக்கலாம். அவரோ எழுதுகோலை இன்னும் இறுகப் பற்றினார்.

அடுத்த ஆண்டாகிய 1885 இல் அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவலெனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 இல் நூலாகி ஆறு ஆண்டுகளே கடந்திருந்தன. எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்ட இக்கதை, தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. பள்ளிக்கூடம் நிறுவ முயன்றவர் கதை எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். கணக்கும் சட்டமும் ஒருவனுக்குப் பிழைப்பைத் தரும். பிறர் துயரை உணரும் நெஞ்சையும், தொலைநாட்டாரைத் தம்மவராய் எண்ணும் பார்வையையும், நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் ஆற்றலையும் தருவன மொழியும் வரலாறும் இலக்கியமும் மெய்யறிவுமே. பாட நூல்களோடு கதையும், இறுதிக் காலத்தில் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் தத்துவ நூலும் அவர் எழுதியதன் பொருள் இதுவே எனலாம்.

பெண்களையும் அவர் மறக்கவில்லை. 1891 இல் கண்டியில் முஸ்லிம் சிறுமியர்க்கென ஒரு பள்ளியைத் தோற்றுவித்தார். அறிவைத் தேடுதல் கடமை எனில், அக்கடமையிலிருந்து பெண்ணை விலக்கி வைக்க யாருக்கும் உரிமையில்லை என்பதை அச்செயல் உணர்த்தியது.

1892 இல் அவருடைய கனவு மீண்டும் உயிர் பெற்றது. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய பெருந்தகை வாப்பிச்சி மரைக்காரும் அராபி பாஷாவும் துணை நிற்க, மருதானைப் பள்ளிவாசலையொட்டி ‘அல் மத்ரசத்துஸ் ஸாஹிரா’ தோன்றியது. முன்னர் மூடப்பட்ட பள்ளியின் தோல்வியிலிருந்தே இவ்வெற்றி முளைத்தது. பின்னாளில் அதுவே ஸாஹிராக் கல்லூரியாக ஓங்கியது. டி. பி. ஜாயா, ஏ. எம். ஏ. அஸீஸ் போன்ற பெருமக்கள் அதன் அதிபர்களாக விளங்கினர்.

1898 பிப்ரவரி 5 ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன்னரே சித்தி லெப்பை இறையடி சேர்ந்தார். தாம் நட்ட மரம் கனி தருவதை அவர் காணவில்லை. 1977 இல் இலங்கை அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இன்றும் நம் இல்லங்களில் பிள்ளையின் படிப்பைப் பற்றிய பேச்சு எழுகையில், எந்தப் படிப்புக்கு எவ்வளவு ஊதியம் என்பதே முதற் கேள்வியாகிறது. உழைத்துப் பொருளீட்டுதல் நற்செயலே. எனினும் மொழியையும் வரலாற்றையும் இலக்கியத்தையும் பயனற்றவை என ஒதுக்கி வளரும் பிள்ளை, காலம் மாறும்போது எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது எனத் தெளியாமல் தடுமாறும். ஓதுமாறு பணித்த இறைக்கட்டளையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பட்டது. கற்றலைப் பிழைப்புக்குரிய வழியாக மட்டுமே குறுக்குவது அக்கட்டளையின் விரிவுக்குப் பொருந்துமா? ஈமானோடு பரந்த கல்வியையும் பிள்ளைகளுக்கு அளிப்பதே, ஒரு முறை தோற்றும் ஓயாத அந்தக் கண்டி வழக்கறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.