அமாவாசையில் பிறந்த ஒற்றர் தலைவர்

அமாவாசையில் பிள்ளை பிறந்தால் பல வீடுகளில் ஒரு பயம் உண்டு. அந்தப் பிள்ளை திருடனாகி விடுவானாம்!

1918-ம் ஆண்டு மே 10-ந் தேதி காசியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. காஷ்மீரப் பண்டிதர் குடும்பம். அன்று அமாவாசை. நட்சத்திரம் பரணி. பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான் என்பார்களே, அந்தப் பரணி! சூரியனும் மேஷத்தில் உச்சம். ஒரு பக்கம் களவு. மறு பக்கம் அரசு. எது பலித்தது?

அந்தக் குழந்தைதான் ராமேஸ்வர்நாத் காவ். வெளிநாடுகளில் உளவறியும் 'ரா' இலாகாவின் முதல் தலைவர்.

1940-ல் போலீஸ் உத்தியோகத்தில் சேர்ந்தார். 1955-ல் 'காஷ்மீர் பிரின்சஸ்' என்ற இந்திய விமானம் பாண்டுங் மாநாட்டுக்குச் சீனப் பிரதிநிதிகளை ஏற்றிச் சென்றது. வழியில் வெடித்துக் கடலில் விழுந்தது. துப்புத் துலக்கச் சென்றவர்களில் காவும் ஒருவர். யாரோ குண்டு வைத்தது தெரிய வந்தது.

1968 செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தி 'ரா'வை அமைத்தார். முதலில் சுமார் 250 பேர்தான். மூன்றே வருஷத்தில் வங்காளதேசப் போர் வந்தது. அதன் வெற்றியில் காவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஆம், அவர் திருடினார். எதிரியின் ரகசியத்தை, நாட்டுக்காக! அரசாளவில்லை, ஆண்டவர்களுக்குக் கண்ணாகவும் காதாகவும் இருந்தார். புகழ் தேடவில்லை. போட்டோவுக்குக்கூட நிற்கத் தயங்குவார். 1977-ல் பதவியிலிருந்து விலகினார். 2002 ஜனவரி 20-ந் தேதி காலமானார்.

அமாவாசைப் பிள்ளை என்று எந்தக் குழந்தையையும் ஒதுக்காதீர்கள். திதி எதுவானாலும், திறமையை நல்ல வழியில் திருப்புவது பெற்றோர் கையில் இருக்கிறது.