குறி தவறாத ஆனி ஓக்லி

ஆகாயத்தில் வீசிய கண்ணாடி உருண்டைகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைத்தவர். சீட்டு ஒன்றை ஓரம் மட்டும் தெரியும்படி நிறுத்தினால், அந்த ஓரத்தைச் சுட்டுப் பிளந்தவர். அரசர்களும் அரசிகளும் பார்த்து வியந்த வீரப் பெண்மணி. அவர் பெயர் ஆனி ஓக்லி.

கூர்மையான கண், நடுங்காத கை, இந்த இரண்டாலும்தான் அவர் வென்றார் என்று உலகம் புகழ்ந்தது. மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது கூட்டத்தின் கண்ணில் படாதது. துப்பாக்கிக்குள் போகும் வெடிமருந்தில் அவர் காட்டிய கவனமே அது.

மரக்குடிசையில் பிறந்தவள்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலம். அங்கே டார்க் கவுண்டி என்ற பகுதியில், 1860-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி ஒரு மரக்குடிசையில் ஆனி பிறந்தாள். பெற்றோர் வைத்த பெயர் பீபி ஆன்.

ஏழைக் குடும்பம். குழந்தைகளோ பலர். ஒரு குளிர் காலத்தில் தந்தை மாவு அரைக்க மில்லுக்குப் போனார். திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கினார். உடல் விறைத்து வீடு வந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 1866-ல் காலமானார். அப்போது ஆனிக்கு வயது ஐந்துதான்.

தந்தை விட்டுப்போன சொத்து ஒரு பழைய ரைபிள். அது கணப்பு அடுப்புக்கு மேலே சுவரில் தொங்கியது.

ஆனிக்கு எட்டு வயது. ஒரு நாள் முற்றத்துப் புல்லில் அணில் ஒன்று ஓடி, வேலியில் ஏறி நின்றது. வீட்டில் கறி இல்லை. சிறுமி நாற்காலி போட்டு ஏறினாள். துப்பாக்கியை இறக்கினாள். திண்ணைக் கிராதியில் குழலைச் சாத்தி வைத்துச் சுட்டாள். குண்டு அணிலின் தலையில் பாய்ந்தது. சதை சிதையவில்லை.

தாய்க்கு மகிழ்ச்சியை விடப் பயமே அதிகம். மருந்து கெட்டித்து வைத்திருந்த துப்பாக்கியைக் குழந்தை தானாக எடுத்துவிட்டதே! எட்டு மாதம் அதைத் தொடவே கூடாது என்று உத்தரவு போட்டாள்.

பட்ட துன்பம்

வறுமை மேலும் முற்றியது. ஆனியை ஏழைகள் விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் தையல் கற்றாள். பிறகு ஒரு குடும்பம் அவளை வேலைக்கு அழைத்துப் போனது. அடியும் பட்டினியுமே அங்கே கூலி. அந்தக் குடும்பத்தின் பெயரை அவள் கடைசிவரை வெளியிடவில்லை. ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டாள். ஒரு நாள் அங்கிருந்து தப்பி ஓடினாள்.

வீடு திரும்பியவள் தந்தையின் துப்பாக்கியை மீண்டும் கையில் எடுத்தாள்.

ஒரே ஒரு குண்டு

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சுடுவது எளிதல்ல. மருந்தை அளந்து குழல் வாயில் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைச் சிறு துணியில் வைத்து வாய்க்குள் அழுத்த வேண்டும். நீண்ட கம்பியால் அடி வரை கிட்டிக்க வேண்டும். வெளியே கேப் ஒன்றைப் பொருத்த வேண்டும். அதன் பிறகுதான் விசையை இழுக்கலாம்.

மருந்து குறைந்தால் குண்டு வழியிலேயே விழுந்துவிடும். கூடினால் கட்டை தோளை உதைக்கும். மிகவும் கூடினால் குழலே வெடிக்கும். ஒரு முறை தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் இரை ஓடிவிடும். மருந்துக்கும் ஈயத்துக்கும் கொடுத்த காசு நட்டம். ஏழைப் பெண்ணுக்கு அது பெரிய நட்டம். ஆகவே அளந்து போடுவதும் பார்த்துச் சுடுவதும் அவளுக்குப் பழக்கமாயின.

சுட்ட பறவைகளையும் முயல்களையும் கிரீன்வில் என்ற ஊரில் காட்ஸன்பெர்கர் சகோதரர்களின் கடைக்கு விற்றாள். அங்கிருந்து அவை பெரிய நகரத்து ஓட்டல்களுக்குப் போயின. தலையில் மட்டும் சுட்ட இரை என்பதால் நல்ல கிராக்கி. அந்தப் பணத்தால் தாயின் வீட்டின் மேல் இருந்த கடனை அடைத்தாள். அப்போது அவளுக்கு வயது 15.

தோற்றவர் கணவரானார்

சின்சினாட்டி நகருக்கு ஃபிராங்க் பட்லர் என்ற துப்பாக்கி வித்தைக்காரர் வந்திருந்தார். தம்மை வெல்ல ஆள் உண்டா என்று சவால் விட்டார். எதிரே வந்து நின்றவள் ஐந்தடி உயரமுள்ள கிராமத்துப் பெண்! போட்டியில் ஃபிராங்க் கடைசிக் குறியைத் தவறவிட்டார். ஆனி அதையும் அடித்தாள். தோற்றவர் கோபப்படவில்லை. வென்றவளையே காதலித்து மணந்துகொண்டார்.

1882-ல் ஃபிராங்கின் மேடைத் துணைவர் நோயுற்றார். அவர் இடத்தில் ஆனி ஏறினார். ஓக்லி என்ற மேடைப் பெயரையும் சூட்டிக்கொண்டார். கூட்டம் ஆனியைத்தான் பார்க்க விரும்புகிறது என்பதை ஃபிராங்க் கண்டார். தாம் ஒதுங்கி, மனைவிக்கு நிர்வாகியாகவும் உதவியாளராகவும் ஆனார்.

1884-ல் செவ்விந்தியத் தலைவர் சிட்டிங் புல் ஆனியின் திறமையைக் கண்டார். அவரைத் தம் மகளாக ஏற்றார். குறி தவறாத சின்னவள் என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்.

1885-ல் ஆனி ஒரு பெரிய சோதனையில் இறங்கினார். 5,000 கண்ணாடி உருண்டைகள். 9 மணி நேரம். துப்பாக்கிகளில் தோட்டாவைத் தாமே போட்டுக்கொண்டார். 4,772 உருண்டைகள் உடைந்து விழுந்தன! அதே ஆண்டு பஃபலோ பில்லின் புகழ் பெற்ற காட்சிக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே ஆனியின் வித்தை ஆரம்பத்திலேயே வரும். அதற்குக் காரணம் உண்டு. வெடிச் சத்தம் கேட்டுப் பெண்களும் குழந்தைகளும் மிரளக்கூடாது. எனவே அவர் முதலில் கைத்துப்பாக்கியால் மெல்லச் சுடுவார். பிறகு மருந்தின் அளவு படிப்படியாகக் கூடும். கடைசியில்தான் முழு அளவு. அதற்குள் கூட்டத்துக்குச் சத்தம் பழகிவிடும்.

தோட்டா நிரப்பும் மேசை

இதற்குள் குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் பழசாகிவிட்டன. பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன.

பித்தளைக் கூடு, அடியில் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததே ரைபிள் தோட்டா. சுட்ட பிறகு மிஞ்சுவது பித்தளைக் கூடு. அதை எறிய மனம் வராமல் பலர் வீட்டிலேயே மறுபடியும் நிரப்பினார்கள். கேப் நடு அடியில் உள்ள கூட்டை இப்படி நிரப்பலாம். அடி விளிம்பிலேயே தீப்பற்றும் மருந்தை அடக்கிய சின்னத் தோட்டாக்கள் இதற்கு உதவா. சுட்டதும் அவற்றை எறிய வேண்டியதுதான்.

1884-ல் ஐடியல் என்ற அமெரிக்கக் கம்பெனி இதற்கென்று கொறடு போன்ற கைக் கருவிகளை விற்கத் தொடங்கியது. பழைய கேப்பைத் தள்ளுவது, புதியதைப் பொருத்துவது, குண்டைக் கூட்டில் அழுத்துவது, எல்லாம் அந்தக் கொறட்டின் வேலை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதனுடன் மருந்து அளக்கும் கரண்டி, கேப், வெடிமருந்து, ஈயம், குண்டு வார்க்கும் அச்சு ஆகியவை வேண்டும். ஒரு சிறு தராசும் வேண்டும். கரண்டி இருக்கும்போது தராசு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புதிய மருந்துகள் வந்தபோது அதற்கு விடை கிடைத்தது.

புகை மருந்தும் புது மருந்தும்

பழைய கறுப்பு மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றின் கலவை. சுட்டால் புகை மண்டும். முதல் உருண்டையை உடைத்த புகை இரண்டாவது உருண்டையை மறைத்துவிடும். குழலிலும் கரி படியும்.

1860-க்குப் பிறகு பிரஷ்யப் படை அதிகாரி ஷுல்ட்ஸே என்பவர் மரத்தை அமிலத்தில் பக்குவப்படுத்திப் புதிய மருந்து செய்தார். புகை மிகக் குறைவு. கறுப்பு மருந்தை அளந்த கரண்டியாலேயே இதையும் அளக்கலாம்.

பின்னர் வந்த சில மருந்துகள் அப்படியல்ல. அவை செறிவானவை. கொஞ்சம் போட்டாலே போதும். பழைய பழக்கத்தில் கரண்டி நிறைய அள்ளிப் போட்டால் துப்பாக்கியே வெடிக்கும். விரலோ கண்ணோ போகும். எந்த மருந்து என்று தெரியாமல் அளக்கக் கூடாது. செறிவான மருந்தைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். இரண்டு வகை மருந்துகளை ஒரே மேசையில் திறந்து வைக்கவும் கூடாது.

ஆனி விரும்பித் தேர்ந்தது ஷுல்ட்ஸே மருந்து. அதன் குணம் அவருக்கு நன்றாகத் தெரியும். நாளொரு மருந்தை மாற்றி விளையாட அவர் விரும்பவில்லை.

பாரிசுக்குப் போன மருந்து

1887-ல் பஃபலோ பில் கம்பெனி லண்டன் சென்றது. விக்டோரியா மகாராணியார் பட்டமேற்று ஐம்பது ஆண்டு நிறைந்த விழா ஆண்டு அது. மகாராணியும் காட்சி கண்டு ஆனியைப் பாராட்டினார்.

1889-ல் பாரிசில் உலகக் கண்காட்சி. பிரான்சுக்குள் அயல்நாட்டு வெடிமருந்தைக் கொண்டுபோகத் தடை இருந்தது. தெரியாத மருந்தை நம்பி ஆயிரக்கணக்கானோர் முன் சுட ஆனிக்கு மனமில்லை. ரப்பர் வெந்நீர்ப் பைகளில் ஷுல்ட்ஸே மருந்தை அடைத்தார்கள். கம்பெனிப் பெண்கள் அவற்றைத் தங்கள் அகன்ற பாவாடைகளுக்குள் மறைத்துக்கொண்டார்கள். சுங்க அதிகாரிகள் கண்ணில் படவில்லை!

சட்டத்தை மீறிய செயல்தான். ஆபத்தும் கூட. ஆனால் தம் மருந்தைப் பற்றி அவர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதற்கு இதுவே சாட்சி.

1898-ல் ஸ்பெயினுடன் போர் மூளும் நிலை. ஆனி ஜனாதிபதி மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். குறி பார்த்துச் சுடும் 50 பெண்களைத் திரட்டித் தருவதாகச் சொன்னார். துப்பாக்கியும் தோட்டாவும் அவர்களே கொண்டு வருவார்கள் என்றும் உறுதி கூறினார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை.

விபத்தும் வழக்கும்

1901-ல் கம்பெனியின் ரயில் விபத்துக்குள்ளானது. ஆனியின் முதுகில் பலத்த காயம். அவர் கம்பெனியிலிருந்து விலகினார். ஃபிராங்க் ஒரு தோட்டாக் கம்பெனியின் பிரதிநிதியானார்.

1903-ல் அடுத்த அடி விழுந்தது. போதைப் பொருளுக்காக ஆனி திருடினார் என்று பொய்ச் செய்தி வந்தது. பிடிபட்டவளோ ஆனியின் பெயரைச் சொன்ன வேறொரு பெண்! ஆனி சும்மா விடவில்லை. 55 பத்திரிகைகள் மேல் வழக்குத் தொடுத்தார். பல ஆண்டுகள் ஊர் ஊராக நீதிமன்றம் ஏறினார். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அவர் பக்கமே முடிந்தது. பணம் மிஞ்சவில்லை. மானம் மிஞ்சியது.

ஆசிரியை ஆனார்

1914-ல் டுபாண்ட் வெடிமருந்துக் கம்பெனி ஆனி எழுதிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. தாம் பயன்படுத்திய வெடிமருந்துகளைப் பற்றியே அவர் அதில் எழுதியிருந்தார். கூட்டம் அவர் குறியைக் கண்டு கை தட்டியது. அவரோ மருந்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார்!

பிறகு வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பெண்களுக்குக் கட்டணமின்றித் துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுத்தார். பெண்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் வென்ற தங்கப் பதக்கங்களை உருக்கி, அந்தப் பணத்தை நோயாளிகளுக்கு உதவக் கொடுத்தார்.

1922-ல், 61 வயதில், தொடர்ந்து 100 களிமண் தட்டுகளைத் தவறாமல் சுட்டார். அதே ஆண்டு கார் விபத்தில் காலில் பலத்த அடி. இரும்புப் பட்டை கட்டிய காலுடன் மீண்டும் எழுந்து நின்று சுட்டார்.

1926-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி கிரீன்வில்லில் ஆனி காலமானார். ஃபிராங்க் அந்தப் பிரிவைத் தாங்கவில்லை. 18 நாளில் அவரும் கண்ணை மூடினார். இருவரும் டார்க் கவுண்டி மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கையெழுத்துக்கூடச் சரியாகக் கற்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த ஏழைச் சிறுமி உலகப் புகழ் பெற்றாள். அறுபது வயது தாண்டியும் அவர் விரல்களும் கண்களும் பழுதின்றி இருந்தன. வாழ்நாள் முழுவதும் வெடிமருந்தோடு பழகியவருக்கு அது சின்ன விஷயமல்ல. அளவு தெரிந்து போட்ட மருந்து அவரைக் கடைசிவரை காத்தது.