ஐசாக் நியூட்டனின் நூலகம்

சர் ஐசாக் நியூட்டன் (சனவரி 4, 1643 – மார்ச் 31, 1727) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். ஈர்ப்பு விதியை விளக்கும் இவரது பிரின்சிப்பியா 1687 இல் வெளியானது. இவர் சேர்த்த நூல்கள் இவரது மறைவுக்குப் பின் பல இடங்களுக்குச் சிதறின.

வாழ்க்கையும் நூல்களும்

நியூட்டன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1669 இல் அங்கு கணிதப் பேராசிரியரானார். 1696 இல் அரச நாணயச்சாலைப் பணியேற்று இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அறிவியல் நூல்களோடு இறையியல், இரசவாதம், வரலாறு ஆகிய துறை நூல்களையும் சேர்த்தார். நூல்களில் பெயர் எழுதுவது இவருக்கு அரிது. ஆனால், தாளின் மூலையை அதன் முனை குறிப்பிட்ட சொல்லைத் தொடுமாறு மடித்து வைப்பது இவரது வழக்கம்.

விற்பனை

நியூட்டன் மணம் புரியவில்லை, உயிலும் எழுதவில்லை. இறப்புக்குப் பின் எடுக்கப்பட்ட சொத்துக் கணக்கில் 1,896 நூல்கள் இருந்தன. இலண்டன் பிளீட் சிறைச்சாலையின் காப்பாளர் ஜான் ஹக்கின்ஸ், சின்னர் ஊர்த் தேவாலய குருவான தம் மகன் சார்லசுக்காக அவற்றை 300 பவுண்டுக்கு வாங்கினார். 1750 இல் சார்லசு இறந்தபின், அவருக்கு அடுத்து அங்கு குருவான ஜேம்ஸ் மஸ்கிரேவ் 400 பவுண்டுக்கு வாங்கினார். ஹக்கின்சின் பெயர்ச்சீட்டின் மேல் மஸ்கிரேவின் சீட்டு ஒட்டப்பட்டது. அடுத்த தலைமுறைகளில் நியூட்டனின் பெயர் மறக்கப்பட்டது.

சிதறலும் மீட்பும்

1920 இல் தேம் பார்க் மாளிகையில் நடந்த ஏலத்தில், நியூட்டனுடையவை என்று அறியப்படாமலே பல நூல்கள் பிற நூல்களுடன் கட்டுக்கட்டாகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. எஞ்சியவற்றைக் குளோஸ்டர்ஷயரின் பார்ன்ஸ்லி பார்க் மாளிகையில் ரிச்சர்ட் டி வில்லாமில் அடையாளம் கண்டு, 1931 இல் நூற்பட்டியலுடன் வெளியிட்டார். பில்கிரிம் அறக்கட்டளை இவற்றை 5,500 பவுண்டுக்கு வாங்கி 1943 இல் டிரினிட்டி கல்லூரிக்கு வழங்கியது. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி வைத்திருந்த நியூட்டன் தொகுப்பு பின்னர் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்திற்குச் சென்றது.

கையெழுத்துப் படிகள் வேறு வழியில் பிரிந்தன. இவை நியூட்டனின் உறவினர் வழியே போர்ட்ஸ்மத் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தன. அறிவியல் படிகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்பட்டன. மற்றவை 1936 இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டன. பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்சு வாங்கிய இரசவாதப் படிகள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும், ஆபிரகாம் யகூதா வாங்கிய இறையியல் படிகள் எருசலேமில் உள்ள இசுரேல் தேசிய நூலகத்திலும் உள்ளன.

அடையாளம் காணல்

ஜான் ஹாரிசன் 1978 இல் நியூட்டனின் நூலகத்திற்கு விரிவான பட்டியல் வெளியிட்டார். இரு குடும்பங்களின் பெயர்ச்சீட்டுகள், மஸ்கிரேவின் அடுக்குக் குறியீடுகள், மடித்த தாள் மூலைகள் ஆகியவையே ஒரு நூல் நியூட்டனுடையது என்பதற்குச் சான்றுகளாகின்றன. பழைய நூல்களைப் புதுக்கட்டமைக்கும்போது சீட்டு அகற்றப்பட்டு மடிப்பும் நீக்கப்பட்டால் இச்சான்றுகள் அழிந்துவிடும்.