தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார்

மைசூரில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் கிருஷ்ணராஜ புல்வார் சாலை வழியே எத்தனையோ முறை நடந்திருப்பர். அங்கே மரநிழலில் நிற்கும் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தினுள் நுழைந்து பார்த்தவர் சிலரே. 1891இல் நூல்நிலையமாகத் தொடங்கப்பெற்ற அவ்விடத்திற்கு, 1905ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடியே கௌடில்யரின் அர்த்தசாத்திரம். நூலகராயிருந்த சாமா சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து 1909இல் அச்சேற்றினார். அதன் பின்னரே உலகம் அந்நூலை முழுமையாக அறிந்தது. தஞ்சைச் சுவடி மைசூரில் உயிர் பெற்றது என்று சொல்லி நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் தமிழின் முதல் அச்சு நூல்களுக்கு வாய்த்த ஊழ் வேறு. அவை நம் கடற்கரையில் பிறந்து, கடல் கடந்து சென்று, அயல்நாட்டு நூல்நிலையப் பேழைகளில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உறங்கின. அவற்றை ஆக்கியவர் போர்த்துக்கல் நாட்டுப் பாதிரியார் ஒருவர். என்றிக்கே என்றிக்கஸ் என்பது அவர் இயற்பெயர். நம் முன்னோர் நாவில் அப்பெயர் அண்டிரிக் என வழங்கிற்று. அவருடைய வாழ்க்கையைச் சிறிது கூறுவதே இக்கட்டுரை.

அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கலில் வீலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் யூத இனத்தவர். அந்நாளில் அந்நாட்டில் யூதக் குருதி என்பது ஒருவன் மேல் ஒட்டிய அழியாத கறையாகக் கருதப்பட்டது. இளமையில் பிரான்சிஸ்கன் துறவியர் சபையிற் சேர்ந்த அவர், குலத்தின் காரணமாகவே அதனின்று விலக நேர்ந்தது. பிறப்பைக் கேட்டு வாயிலை அடைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்! பின்னர்க் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545இல் இயேசு சபையினர் அவரை ஏற்றுக்கொண்டனர். மறு ஆண்டே கப்பலேறிக் கோவா வந்திறங்கினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

முத்துக்குளித்துறை என்பது தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களைக் கொண்ட பரதவர் கடற்கரை. சில ஆண்டுகளுக்கு முன், 1542இல், பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்து, மொழியறிந்தார் சிலரின் துணையால் மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து மக்களுக்குக் கற்பித்திருந்தார். அம்மொழிபெயர்ப்பு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வேணும் என்னும் சொல்லை இட்டு, மக்கள் நாள்தோறும் ஓதிக்கொண்டிருந்தனர்! நம்பிக்கைக்கும் விருப்பத்திற்கும் உள்ள வேற்றுமையைப் பின்னர் உணர்ந்த சவேரியார், அச்சொல்லை மாற்றி விசுவாசம் என்னும் சொல்லை வழங்குமாறு 1544இல் தம் உடன்பணியாளருக்குக் கடிதம் எழுதினார். மொழி தெரியாமல் செய்யும் பணி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அண்டிரிக் அடிகளார் இதனை நன்கு உணர்ந்தார். தொடக்கத்தில் அவரும் துபாஷியை வைத்தே பேசினார். துபாஷி சொல்வது சரிதானா என்று அறிய வழியில்லாத நிலை அவரை வருத்திற்று. இலத்தீன் இலக்கணத்தில் வேற்றுமைகளும் வினைத்திரிபுகளும் வகுக்கப்பட்டிருப்பது போலவே, தமிழ்ச் சொற்களையும் தாமே அட்டவணைப்படுத்தத் தொடங்கினார். இறந்தகாலம் இது, எதிர்காலம் இது, ஏவல் இது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். உடல்நலம் குன்றியவராயினும் இரவு பகல் பாராது உழைத்தார். சில திங்களுக்குள் துபாஷியின் துணையின்றியே மக்களோடு பேசலானார்.

அவ்வாறு தொகுத்த குறிப்புகளே வளர்ந்து ஓர் இலக்கண நூலாயின. அவருக்குப் பின் வரும் அயல்நாட்டார் தமிழ் கற்பதற்கென எழுதப்பட்ட அந்நூல், ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணமாகும். தொல்காப்பியத்தையும் நன்னூலையும் போலச் செய்யுள் வழக்கை முதன்மையாகக் கொண்டதன்று அது. நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் புன்னைக்காயல் தெருவில் மீனவனும் அவன் மனைவியும் எப்படிப் பேசினரோ அப்பேச்சே அதிற் பதிவாகியுள்ளது. நம் புலவர்கள் எழுதாது விட்டதை ஒரு பறங்கியர் எழுதி வைத்தார். இதற்காக வெட்கப்படுவதா மகிழ்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கையெழுத்துச் சுவடி லிஸ்பன் தேசிய நூல்நிலையத்தில் உள்ளது. 1982இல் வெர்மீர் என்னும் அறிஞர் அதனை ஜெர்மனியில் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைன் அம்மையாரும் தமிழறிஞர் வி. எஸ். ராஜம் அம்மையாரும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஹார்வர்டு வரிசையில் வெளியிட்டனர்.

1549இல் வேதாளை என்னுமிடத்தில் நிகழ்ந்த தாக்குதலில் அக்கடற்கரையின் தலைமைப் பாதிரியாரான அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அப்பொறுப்பு இருபத்தொன்பது வயதினரான அண்டிரிக் அடிகளாரின் தோள்மேல் விழுந்தது. 1576 வரை அதனைச் சுமந்தார். நோயுற்ற ஏழைகளுக்கென மருத்துவமனை அமைத்தார். தமிழைக் கற்பிக்கும் உயர்கல்விக்கூடம் ஒன்றை அக்கரையில் நிறுவ வேண்டுமென்று தம் தலைவர்களுக்கு எழுதினார். அவ்வெண்ணம் ஈடேறவில்லை. ஈடேறியிருப்பின், தமிழாராய்ச்சியின் வரலாறு வேறு வகையாக எழுதப்பட்டிருக்கும்.

இனி அச்சுக்கு வருவோம். ஜெர்மானியராகிய கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்டார். இங்கிலாந்துக்கு 1476இல் காக்ஸ்டன் என்பார் அச்சுப்பொறியைக் கொணர்ந்தார். இந்தியாவுக்கு அது வந்தது 1556இல். அதுவும் நமக்கென வந்ததன்று. அபிசீனியா நாட்டுக்கு அனுப்பப்பட்ட பொறி கோவாவில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு முன்பே, 1554இல், லிஸ்பன் நகரில் தமிழ் நூலொன்று அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில், கறுப்பும் சிவப்புமாக அச்சிடப்பட்டிருந்தன. தமிழ் எழுத்து இன்னும் உலோகத்தில் பிறக்கவில்லை.

அதனைப் பிறப்பிப்பது எளிய செயலன்று. முதலில் எஃகு முனையில் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தோன்றுவது போலச் செதுக்க வேண்டும். அம்முனையைச் செப்புத் தகட்டில் அடித்துப் பள்ளமாக்க வேண்டும். அப்பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை வார்த்தால் ஓர் எழுத்து கிடைக்கும். இருபத்தாறு எழுத்துள்ள மொழிக்கே இது பெரும்பாடு. தமிழிலோ கா என்பதற்குக் ககரமும் காலும் தனித்தனியே போதும். கி, கீ, கு, கூ என்பனவற்றிற்கு ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி உரு வேண்டும். ஆகவே நூற்றுக்கு மேற்பட்ட அச்சுகள் இன்றித் தமிழில் ஒரு பக்கமும் கோக்கவியலாது. 1577இல் கோவாவில் ஜுவான் கொன்சால்வஸ் என்னும் துறவி ஒரு தொகுதி எழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா என்பார் இன்னொரு தொகுதியை ஆக்கினார். இதற்கான பொருளை நல்கியவர் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். 400 குருசாது பொற்காசுகளை அவர்கள் திரட்டிக் கொடுத்தனர். மூச்சடக்கிக் கடலடியிற் சென்று எடுத்த முத்தின் விலை, தமிழ் எழுத்தாக மாறிற்று!

1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். உள்ளங்கையில் அடங்கும் அளவு. இந்திய மொழி ஒன்றன் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. கோவாவில் வார்த்தது இது, கொல்லத்தில் வார்த்தது இது என்று இருவகை எழுத்துகளையும் நூலிறுதியில் காட்டியுள்ளனர். நூலாக்கத்தில் மனுவேல் தெ சான் பேதுரு என்னும் நம் நாட்டுக் குருவானவரும் அடிகளாருக்குத் துணையாயிருந்தார். கன்னட அன்பர்களுடன் கூடி வாழும் நாம் மற்றொன்றையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். கேரி பாதிரியார் சீராம்பூரில் கன்னட இலக்கணத்தை அச்சிட்டது 1817இல் ஆகும். தமிழ் அச்சு அதற்கு 239 ஆண்டுகள் மூத்தது. இதனைப் போட்டிக்காகச் சொல்லவில்லை. மூத்ததைக் காத்துக்கொள்ளத் தெரியாதிருந்தோம் என்பதற்காகவே சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு நவம்பர் 14இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் என்னும் பெரிய நூலும், 1580இல் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூலும் வந்தன. 1586இல் அறுநூறு பக்கங்களைக் கடந்த அடியார் வரலாறு வெளிவந்தது. அதன் பின் அவ்வச்சகம் ஓய்ந்தது. மீண்டும் தமிழ் எழுத்து அச்சேற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நூல்களின் எத்தனை படிகள் நம் நாட்டில் எஞ்சின? ஒன்றும் இல்லை. உப்புக்காற்றும் ஈரமும் செல்லும் சேர்ந்து அவற்றை உண்டன. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் நூல்கள் பலவேளை தைக்காத தாள்களாகவே விற்கப்பட்டன. வாங்கியவர் கட்டுவோனிடம் கொடுத்துப் பலகையோ அட்டையோ வைத்து, கன்றுத்தோல் போர்த்திக் கட்டுவித்துக்கொள்வார். ஆங்கில நாட்டில் 1602இல் திறக்கப்பெற்ற ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூல்நிலையத்தில் பெருநூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்தனர். சங்கிலி மேலட்டையின் வெளிவிளிம்பில் பூட்டப்பட்டதால், நூல்கள் முதுகைச் சுவர்ப்புறம் காட்டி நின்றன. தோலும் பலகையும் சங்கிலியுமாக ஒரு நூலைக் காத்த அந்நாளில், நம் சிறு நூல்களுக்குக் காவல் யார்? மணப்பாட்டுக் குடிசையில் ஒரு பாட்டியின் கையில் ஓதி ஓதித் தேய்ந்த பதினாறு பக்கத்திற்குக் கட்டடம் ஏது? படித்தவர் கையில் அழிந்தன. படிக்கத் தெரியாதவர் பேழையில் பிழைத்தன.

அவ்வாறு பிழைத்தவை ஒவ்வொன்றாக வெளிப்பட்ட கதை சுவையானது. தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தது. அதனைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 1952இல் அங்கு வெளிவந்தது. அடியார் வரலாற்றின் படிகள் வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் உள்ளன. நம் தனிநாயக அடிகளார் ஐரோப்பிய நூல்நிலையங்களில் தேடியலைந்து, இம்முதல் நூல்கள் பற்றி 1950களில் எழுதியபோதுதான் தமிழகம் விழித்தது. 1580ஆம் ஆண்டு நூல் முற்றும் தொலைந்தது என்றே எண்ணியிருந்தனர். சங்கிலி நூல்களுக்குப் பேர்போன அந்தப் பாட்லியன் நிலையத்திலேயே ஒரு படி இருப்பதைக் கிரகாம் ஷா என்பார் 1982இல் அறிவித்தார்.

அடிகளார் தம் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஐம்பதாண்டுகளுக்கு மேல் நம் கடற்கரையிலேயே வாழ்ந்து, முதுமையில் கண்ணும் உடலும் தளர்ந்த பின்னும் புன்னைக்காயலை விட்டு அகலாது, 1600ஆம் ஆண்டு அங்கேயே உயிர் நீத்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசென்று பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தனர்.

நிற்க. நம் சங்கத்து வீடுகளில் பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர். ஆயினும் ஊரிலிருந்து பாட்டனார் எழுதும் கடிதத்தைத் தாய் படித்துச் சொல்லக் கேட்கும் நிலையிலேயே பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். 1960களில் இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து இம்முதல் நூல்களை மறுபதிப்பாகக் கொணர்ந்தார். அந்த முதற்பக்கத்தின் படம் கிடைத்தால் பிள்ளையிடம் காட்டுங்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அந்நாளில் புள்ளியிடாது எழுதினர். அவ்வழக்கையே அச்சிலும் பின்பற்றினர். ஏகார ஓகாரங்களுக்கும் நெடில் குறில் வேற்றுமை இல்லை. ஆகவே நூலின் பெயர் தமபிரான வணககம என்று நிற்கும். எங்கெங்கே புள்ளி வரும் என்று பிள்ளையே இட்டுப் படிக்கட்டும். எங்கள் வீட்டுச் சிறுமி இரண்டாம் சொல்லில் சிறிது தடுமாறினாள். முதற்சொல்லுக்குத் தானே புள்ளி வைத்துவிட்டாள்.