தியோடர் ஃபோர்ஸ்டர்

தியோடர் ஃபோர்ஸ்டர் (மே 15, 1910 – மே 20, 1974) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பிய வேதியியலாளர் ஆவார். ஒளியை உட்கவர்ந்த ஒரு மூலக்கூறு, தான் பெற்ற ஆற்றலை ஒளியாக உமிழாமலேயே அருகிலுள்ள மற்றொரு மூலக்கூறுக்கு எவ்வாறு அளிக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் இவரே. இந்நிகழ்வு ஃபோர்ஸ்டர் ஒத்ததிர்வு ஆற்றல் கடத்தல் என்றும், சுருக்கமாக ஃபிரெட் என்றும் அழைக்கப்படுகிறது. இதை ஒளிர்வு ஆற்றல் கடத்தல் என்று சிலர் எழுதுவது பொருத்தமற்றது; இங்கு இடம் மாறுவது ஒளிர்வு அன்று.

வாழ்க்கை

ஃபோர்ஸ்டர் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, எர்வின் மாடெலுங் என்பவரின் மேற்பார்வையில் 1933 இல் தமது 23 ஆம் அகவையில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நாட்சிக் கட்சியிலும் அதன் துணைப்படையான எஸ்.ஏ.யிலும் உறுப்பினரானார்.

பின்னர் கார்ல் பிரீட்ரிக் போன்ஹோஃபரின் உதவியாளராக லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். போன்ஹோஃபரின் தம்பியரான கிளவுசும் டீட்ரிக்கும் இட்லரை எதிர்த்தமைக்காக 1945 ஏப்ரலில் கொல்லப்பட்டவர்கள். ஒரே ஆய்வகத்தில் பணியாற்றிய இவ்விருவரின் வாழ்வும் அக்காலத்தை எத்தனை வேறுபட்ட வழிகளில் தொட்டன என்பது கவனிக்கத்தக்கது.

1940 இல் பல்கலைக்கழக ஆசிரியராவதற்கான தகுதியைப் பெற்ற ஃபோர்ஸ்டர், 1942 இல் ஜெர்மனியின் பிடியிலிருந்த போலந்தின் போசுனான் நகரில் பேராசிரியரானார். அங்கிருந்த போலந்துப் பல்கலைக்கழகத்தை அகற்றிவிட்டு, அதனிடத்தில் நாட்சி அரசு 1941 இல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. போருக்குப் பின் 1947 முதல் 1951 வரை கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலும், 1951 முதல் இறக்கும் வரை இசுடுட்கார்ட்டிலும் பணியாற்றினார்.

ஆற்றல் கடத்தல்

1932 இல் அமெரிக்காவில் ராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னால்ட் ஆகியோர் பாசிகளின் மீது மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைச் செலுத்தினர். ஒரு துடிப்பில் ஒரு ஆக்சிசன் மூலக்கூறு வெளிப்படச் சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகள் தேவைப்பட்டன. அவ்வாறாயின் பெரும்பாலான பச்சைய மூலக்கூறுகள் நேரடியாக வேதிவினையில் ஈடுபடுவதில்லை. அவை ஒளியைப் பிடித்து வேறெங்கோ அனுப்புகின்றன என்றாகிறது. எவ்வாறு அனுப்புகின்றன என்ற வினாவுக்கே ஃபோர்ஸ்டர் 1946 இல் வெளியிட்ட கட்டுரையில் விடை தேடினார். குவாண்டம் இயக்கவியல் வழியிலான முழுமையான கோட்பாடு 1948 இல் வெளிவந்தது.

இவருக்கு முன்பே பிரான்சின் ஜான் பெரெனும் அவருடைய மகன் பிரான்சிஸ் பெரெனும் இத்தகைய கடத்தலை முன்மொழிந்திருந்தனர். ஆனால் அவர்கள் கணக்கிட்ட தொலைவுகள் சோதனைகளில் காணப்பட்டவற்றைவிட மிக அதிகமாக இருந்தன. ஒரே சுருதியுள்ள இரு இசைக்கவைகளில் ஒன்றைத் தட்டினால் மற்றொன்றும் அதிர்வதைப் போல, இரு மூலக்கூறுகளும் துல்லியமாக ஒத்திசைவதாக அவர்கள் கொண்டதே இதற்குக் காரணம். கரைசலில் மூலக்கூறுகள் ஓயாது மோதுண்பதால் அவற்றின் அதிர்வெண்கள் பரவலாகி, ஒத்திசைவு கணப்பொழுதே நீடிக்கிறது. ஆகவே வழங்கியின் உமிழ்வு நிறமாலையும் ஏற்பியின் உட்கவர் நிறமாலையும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதை ஃபோர்ஸ்டர் கணக்கில் சேர்த்தார். இவ்விரு நிறமாலைகளையும் ஆய்வகத்தில் அளந்துவிடலாம். இதனாலேயே இவரது சமன்பாடு வேதியியலாளர் கைகளில் பயன்பாட்டுக்கு வந்தது எனலாம்.

கடத்தலின் வேகம் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. பாதியளவு ஆற்றல் கடத்தப்படும் தொலைவு ஃபோர்ஸ்டர் தொலைவு எனப்படும். இது வழக்கமாகச் சில நானோமீட்டர்களே. தொலைவு அதைப்போல் இரு மடங்கானால் கடத்தல் 65 இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாதியானால் 65 இல் 64 பங்கு கடத்தப்படும். 1967 இல் லூபர்ட் இசுட்ரையர், ரிச்சர்ட் ஹாக்லண்ட் இருவரும் புரோலின் சங்கிலிகளின் இரு முனைகளிலும் நிறமிகளைப் பொருத்தி இவ்விதியைச் சோதித்து உறுதிப்படுத்தினர். புரதங்களுக்குள் உள்ள தொலைவை அளக்கும் அளவுகோலாக ஃபிரெட் பயன்படத் தொடங்கியது இதன் பிறகே.

பிற ஆய்வுகள்

ஒளியை உட்கவர்ந்த நிலையில் ஒரு மூலக்கூறின் அமிலத்தன்மை மாறுவதைக் கணக்கிடும் ஃபோர்ஸ்டர் சுழற்சியும் இவருடையதே. 1954 இல் கே. காஸ்பருடன் இணைந்து, கிளர்வுற்ற பைரீன் மூலக்கூறு மற்றொரு பைரீனுடன் தற்காலிகமாகச் சேர்வதைக் கண்டறிந்தார். இத்தகைய இணைகள் பின்னர் எக்சைமர் எனப் பெயர் பெற்றன. கரிமச் சேர்மங்களின் ஒளிர்வு பற்றி இவர் எழுதிய நூல் 1951 இல் வெளிவந்தது.

டென்ட்ரிமர்கள்

மரத்தைப் போல் கிளைத்துக் கிளைத்து வளரும் டென்ட்ரிமர் மூலக்கூறுகளை ஃபோர்ஸ்டர் கண்டதில்லை. அவ்வகையின் முதற்படியான சேர்மங்களை ஃபிரிட்ஸ் ஃபோக்ட்லேயின் குழு 1978 இல்தான் வெளியிட்டது. எனினும் இவரது கோட்பாட்டுக்கு இவை மிகப் பொருத்தமான களம். ஒவ்வொரு தலைமுறையிலும் கிளை இரண்டாகப் பிரிந்தால் நுனிகளின் எண்ணிக்கையும் இரட்டிக்கிறது. நுனிகளில் ஒளியை உட்கவரும் நிறமிகளையும், மையத்தில் அவ்வாற்றலைப் பெறும் ஒரு நிறமியையும் வைத்தால், பல நுனிகள் பிடித்த ஒளி ஒரே புள்ளியில் சேரும். இலையில் பச்சையம் செய்யும் பணியும் இதுவே.

1990களில் ஜெஃப்ரி மூர், ராவுல் கோபல்மன் ஆகியோர் ஆராய்ந்த பீனைல்அசிட்டிலீன் டென்ட்ரிமர் ஒன்றில், கிளைத்துண்டுகள் மையத்தை நோக்கி நீண்டுகொண்டே செல்லும். நீளம் கூடக் கூட ஆற்றல்மட்டம் தாழ்வதால், ஆற்றல் படிப்படியாக இறங்கி மையத்திலுள்ள பெரிலீன் தொகுதியை ஏறத்தாழ முழுவதுமாக அடைகிறது. ஆனால் ஃபோர்ஸ்டரின் சமன்பாடு மூலக்கூறுகளைப் புள்ளி இருமுனைகளாகக் கொள்வது. நெருங்கி நிற்கும் கிளைகளில் இடைவெளியும் மூலக்கூறின் அளவும் ஏறத்தாழச் சமமாகிவிடுவதால், அங்கு அச்சமன்பாட்டை அப்படியே பயன்படுத்த முடிவதில்லை. மூலக்கூறின் வடிவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.