ஆளறிந்து யோகம் அளித்த ஆசார்யர்: ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாசார்யர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் திருத்தேரின் வடம் பிடிக்க வந்து கூடும் அடியார்களுள், சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பட்டாசு ஆலைகளிலும் உழைப்போர் பலர். நாள் முழுதும் தரையில் அமர்ந்து, முதுகு வளைந்து, குழாய் உருட்டியும் குச்சி அடுக்கியும் பாடுபடும் அவர்களுள் சிலருக்கு, இரவு உறங்கி எழுந்தும் அசதி தீர்வதில்லை. இத்தகையோரிடம் யோகாசனம் பயிலுக என்று எளிதில் சொல்லிவிடலாம். எழுந்து நிற்கவே வலுவில்லாதவன் எந்த ஆசனத்தைச் செய்வான்? இக்கேள்விக்குத் தம் நூறாண்டு வாழ்வினால் விடை தந்தவர், ஸ்ரீமந் நாதமுனிகளின் வம்சத்தில் தோன்றிய திருமலை கிருஷ்ணமாசார்யர்.

நாதமுனிகளை நாம் பெரிதும் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தை மீட்டுத் தந்த வள்ளலாகவே அறிவோம். அவர் சிறந்த யோகியும் ஆவார். காட்டுமன்னார்கோயில் என இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் அவதரித்து, ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளி, நம்மாழ்வாரின் அருளால் பிரபந்தங்களைப் பெற்ற அவர், தம் பிரபந்தச் செல்வத்தை உய்யக்கொண்டாரிடமும், யோகச் செல்வத்தைக் குருகைக் காவலப்பனிடமும் ஒப்புவித்தார். பிற்காலத்தில் நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார் அந்த யோக ரகசியத்தைப் பெற விரும்பிச் சென்றபோது, காவலப்பன் தாம் திருநாட்டுக்கு எழுந்தருளவிருக்கும் நாளைக் குறிப்பிட்டு, அதற்குமுன் வரும்படி பணித்தார். ஆளவந்தாரோ திருவனந்தபுரத்துப் பெருமாளைச் சேவிக்கச் சென்றிருந்தபோதுதான் குறித்த நாள் அதுவே என்று உணர்ந்தார். அன்றோடு அந்த யோகம் மறைந்தது என்று குருபரம்பரை வரலாறு கூறும். பிரபந்தம் நமக்குக் கிடைத்தது, யோகம் கைநழுவிற்று. இந்தக் குறை வம்சத்தாரின் நெஞ்சில் நூற்றாண்டுகள் கடந்தும் ஆறாமல் இருந்தது போலும்.

கிருஷ்ணமாசார்யர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கர்நாடகத்துச் சித்ரதுர்க்கப் பகுதியிலுள்ள முசுகுந்தபுரத்தில் அவதரித்தார். தந்தையார் திருமலை ஸ்ரீனிவாச தாதாசார்யர், தாயார் ரங்கநாயகியம்மாள். வேதமும் முதல் ஆசனங்களும் தந்தையாரிடமே கற்றார். ஏறத்தாழப் பத்து வயதில் தந்தையை இழந்து, குடும்பத்தோடு மைசூர் சென்று, ஸ்ரீலக்ஷ்மீ ஹயக்ரீவரை ஆராதிக்கும் பரகால மடத்தின் நிழலில் கல்வி பயின்றார். அம்மடத்தின் பீடத்தை அவர் முன்னோரும் அலங்கரித்தவர்கள்.

பதினாறாம் வயதில், தம் குலமுதல்வரை நாடி ஆழ்வார்திருநகரிக்குப் புறப்பட்டார். மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலி செல்லும் இருப்புப்பாதை, அன்று விருதுப்பட்டி எனப்பட்ட விருதுநகரையும் சாத்தூரையும் கடந்தே செல்வது. அக்காலத்தில் இங்குத் தீப்பெட்டித் தொழிலும் இல்லை, பட்டாசுத் தொழிலும் இல்லை. பருத்தியும் கம்பும் விளைந்த கரிசல் பூமி அது. ஆழ்வார்திருநகரியை அடைந்த இளைஞர், பசியாலும் வெயிலாலும் களைத்து, தாமிரபரணிக் கரையில் மயங்கி விழுந்தார். அம்மயக்கத்தில் ஒரு மாஞ்சோலையும், அங்கே மூன்று முனிவர்களும் தோன்ற, அவர்களுள் நடுநாயகமாக வீற்றிருந்த நாதமுனிகள் யோக ரகசியத்தைச் செய்யுள்களாக ஓதினார் என்றும், விழித்தபோது சோலை இல்லை, செய்யுள்கள் மட்டும் நினைவில் நின்றன என்றும் அவர் பின்னாளில் கூறினார். இந்நூலை அவரே இயற்றியதாகக் கருதும் ஆராய்ச்சியாளரும் உண்டு. எவ்வாறாயினும், பெண்களுக்கும், கருவுற்றோருக்கும், இல்லறத்தாருக்கும், நோயுற்றோருக்கும் யோகம் உரியது என்பதே அதன் உயிர்நாடி. பசியால் விழுந்த ஓர் உடலுக்கு அந்த உபதேசம் கிடைத்தது பொருத்தமே.

பின்னர் காசியில் சாஸ்திரங்களைக் கற்ற அவர், இமயத்துக்கு அப்பால், மானசரோவரத்தின் அருகே, ராமமோகன பிரம்மசாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றார் என்பது வரலாறு. குருதட்சிணையாக அந்தக் குரு பொன்னும் கேட்கவில்லை, பொருளும் கேட்கவில்லை. நாட்டுக்குத் திரும்பி, மணம் புரிந்து, இல்லறத்தில் இருந்துகொண்டே யோகத்தைப் பரப்ப வேண்டும் என்றே கேட்டார். கற்றறிந்த பண்டிதருக்கு அரசவைகளில் உயர் பதவிகள் காத்திருந்த காலத்தில், யோகத்தை நம்பி வாழ்வது வறுமையை நாடி வரவழைப்பதே ஆகும். 1925ஆம் ஆண்டில் நாமகிரியம்மாளைக் கைப்பிடித்த அவர், சில காலம் ஹாசன் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தே குடும்பம் நடத்தினார். பிற்காலத்தில் பரகால மடத்தின் பீடம் அவரைத் தேடி வந்தபோதும் ஏற்கவில்லை. துறவு பூண்டால் குருவுக்குத் தந்த வாக்குத் தவறும் என்பதே காரணம்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் 1933ஆம் ஆண்டில் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை பிறந்தது. அடுத்த ஆண்டில் யோக மகரந்தம் என்ற நூல் கன்னடத்தில் வெளிவந்தது. துள்ளிக் குதிக்கும் வயதுச் சிறுவர்களுக்கு, மூச்சோடு இணைத்துத் தொடர்ச்சியாகச் செய்யும் கடினமான ஆசன வரிசைகளை அங்கே கற்பித்தார். கண்டிப்பும் மிகுதி, மாணவர்கள் அவர் கண்ணைக் கண்டே அஞ்சினர். இன்று உலகெங்கும் பலர் அச்சிறுவர் பயிற்சியையே அவர்தம் யோகம் முழுவதும் என எண்ணி மேற்கொள்வது வருந்தத்தக்கது.

அந்நாளில், 1934ஆம் ஆண்டில், மைசூருக்கு வந்த ஒரு சிறுவனைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். நாமகிரியம்மாளின் தம்பியாகிய அவன், 1918ஆம் ஆண்டில் பெல்லூரில் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசம் என நோய்களுக்கே இரையாகி, மெலிந்து, வலுவற்றிருந்தான். ஆசார்யர் முதலில் அவன்மீது பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. ஆயினும் யோகத்தால் தேறிய அவனே பின்னாளில் பி.கே.எஸ். ஐயங்கார் என உலகம் போற்றும் ஆசிரியரானான்.

மன்னர் 1940இல் மறைந்தார். சமஸ்தானமும் மறைந்தபின் 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த நிலையில் மீண்டும் வெறுங்கையோடு நின்றார் ஆசார்யர். 1952ஆம் ஆண்டில், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பெயர்பெற்ற வழக்கறிஞர் ஒருவரின் பொருட்டுச் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அங்கே அவரிடம் வந்தவர்கள் துள்ளும் சிறுவர்கள் அல்லர். முதியோர், நோயாளர், மனம் சோர்ந்தோர். ஆகவே அவர் யோகமும் அவர்களுக்கேற்ப வடிவு கொண்டது. ஒருவருக்கு ஒருவராக, தனியே அமர்த்திக் கற்பித்தார்.

வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். மூச்சின் ஓட்டம், உணவு, உறக்கம், தொழில், வீட்டுச் சூழல் அனைத்தையும் கேட்டறிவார். ஆயுர்வேதத்தில் உடலை ஊட்டி வளர்ப்பது பிரம்மணம் எனவும், குறைத்து இலகுவாக்குவது லங்கனம் எனவும் கூறப்படும். சோர்வு எல்லாம் ஒன்றல்ல. மந்தத்தால் கனத்துக் கிடப்பவனின் அசதி வேறு. உழைத்தும் கவலைப்பட்டும் உள்ளிருப்பு முழுவதும் செலவழிந்தவனின் அசதி வேறு. பின்னவனை மேலும் வருத்தினால், இருக்கும் எண்ணெயும் வற்றி விளக்கு அணையும்.

ஆகவே அவர் வழிவந்தோர், வலுவிழந்தவரை முதலில் மல்லாந்து படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கச் செய்து, மூச்சை உள்ளிழுக்கும்போது கைகளைத் தலைக்குமேல் உயர்த்தவும், வெளிவிடும்போது இறக்கவும் பயிற்றுவர். நான்கு முறையோ ஆறு முறையோ போதும், இடையே ஓய்வு. சில நாள் கழிந்து, மூச்சு நீண்டபின், முழங்கால்களை மார்போடு அணைக்கும் அபானாசனமும், இடுப்பை மெல்ல உயர்த்தும் துவிபாத பீடமும் சேரும். தரையில் அமர முடியாதவருக்கு நாற்காலியே ஆசனம். மூச்சை வலிந்து அடக்குதல் கூடாது. களைப்பு தோன்றுமுன்னரே நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலையில் உடல் என்ன சொல்கிறது என்பதைக் கேட்டே அடுத்த படி. சிறு முயற்சிக்குப் பின்னும் ஒரு நாள், இரு நாள் கழித்து உடல் அடியோடு தளரும் ஒருவகை நெடுஞ்சோர்வு நோய் உண்டென்றும், அத்தகையோரைப் படிப்படியாகக் கூடுதல் உழைப்புக்கு உந்துதல் தீங்கென்றும் இன்றைய மருத்துவமும் கண்டுள்ளது. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு ஆகியவற்றாலும் அசதி வருமாதலால், அன்பர்கள் மருத்துவரிடம் சோதித்துக்கொண்ட பின்னரே பயிற்சியில் இறங்குவது நலம்.

திருமண் துலங்கும் நெற்றியோடு, ஆசாரத்தில் இம்மியும் வழுவாதவர் கிருஷ்ணமாசார்யர். ஆயினும் தம் தெய்வத்தைப் பிறர்மீது திணித்ததில்லை. தெய்வ நம்பிக்கை இல்லாதவருக்குச் சூரியனைத் தியானிக்கச் சொல்வார். நியூசிலாந்து நாட்டு மாது ஒருவர், நெடுங்காலம் மருந்தின்றி உறக்கமே காணாதவர், அவரிடம் பயின்று ஓர் இரவு இயல்பாக உறங்கினார். மறுநாள் ஓடிவந்து, வீதியென்றும் பாராமல், அவ்வைதிகப் பெரியவரை ஆரத் தழுவி நன்றி கூறினார். வாயிலில் இருந்து அதைக் கண்டு திகைத்த மகன் தேசிகாச்சார், பொறியியல் பட்டதாரி. தந்தையாரிடம் இருந்த செல்வம் இன்னதென்று அன்றுதான் உணர்ந்து, வேலையைத் துறந்து மாணவரானார். அவர் 1976ஆம் ஆண்டில் சென்னையில் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரத்தை நிறுவினார். தந்தையார் ஓதிய யோக ரகசியச் செய்யுள்களும் பின்னர் அச்சேறின.

தொண்ணூற்றாறாம் வயதில் ஆசார்யரின் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அவர் இசையவில்லை. உலகோரின் தளர்ந்த உடல்களுக்குப் பயிற்சி வகுத்தவர், இப்போது தம் உடலுக்குத் தாமே, படுக்கையில் கிடந்தவாறு செய்யத்தக்க பயிற்சியை வகுத்துக்கொண்டார். நூறாண்டு நிறைவையும் கண்டு, 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.